பிங் ஒரு பக்கம், எஸ்ரி ஒரு பக்கம், நடந்த தடம் ஒரு பக்கம்: வீரவநல்லூர்க் குளத்தை எங்கே வரைவது?

குளத்தங்கரை (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். நான் வீரவநல்லூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுக்கிறேன். நேரம் கிடைக்கும்போதெல்லாம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய பொது இணைய வரைபடம்) எங்கள் பக்கத்துக் குளங்களையும், கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிகிற வாய்க்கால்களையும் வரைகிறேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை தாண்டி வந்தபோது, எந்தக் குளத்து மறுகால் (நிரம்பி வழிகிற தண்ணீர்) எந்தக் குளத்துக்குப் போகிறது என்று வெளியூரிலிருந்து உதவ வந்தவர்களுக்குக் காட்ட எங்களிடம் ஒரு படம் கிடையாது. ஊர்ப் பெரியவர்களுக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் அவர்களை எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போக முடியாதே. அந்த மழைக்குப் பிறகுதான் வரைய ஆரம்பித்தேன்.

இப்போது ஒரு சிக்கல். அந்த வரைபடத்தை வரைகிற ஐடி (iD) எடிட்டரில் பிங் செயற்கைக்கோள் படத்தை அடியில் போட்டால் எங்கள் குளத்துக் கரை ஓர் இடத்தில் இருக்கிறது. எஸ்ரி படத்தைப் போட்டால் அதே கரை தெற்கே தள்ளி இருக்கிறது. ஏற்கெனவே யாரோ வரைந்து வைத்த ஊர்த் தெருக்கள் இரண்டு படத்திலும் பொருந்தவில்லை. சரி, நேரில் நடந்தே பார்த்துவிடுவோம் என்று கைப்பேசியில் தடம் பதிகிற செயலியை ஓடவிட்டு, கரை மேல் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை நடந்தேன். அந்த ஜிபிஎக்ஸ் கோப்பை எடிட்டரில் போட்டு, பிங் படத்தை வடக்கே 4 மீட்டர் நகர்த்தினேன். கரைப் பாதை தடத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஆனால் கரையிலிருந்து இறங்கி ஊருக்குள் போகும் தெருவைப் பார்த்தால், நான் நடந்த தடம் வீட்டுக் கூரைகளின் மேல் போகிறது. கிட்டத்தட்ட 6 மீட்டர் விலகல். அரை கிலோமீட்டர்கூட வராத தூரத்தில், ஒரே படத்தில், ஓர் இடம் சரியாகவும் இன்னோர் இடம் தப்பாகவும் எப்படி இருக்கும்? ஜிபிஎஸ் தப்பா, படம் தப்பா? பழைய தெருக்களை நகர்த்தலாமா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் ஆர்வமாக இருக்கிறார்கள். விலகிய படத்தைக் கொடுத்து அதன் மேல் வரையச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பாளை வண்டிக்காரன்:

வணக்கம் டீச்சர். ஜேஓஎஸ்எம் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் ஊர்த் தெரு எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே இழுப்பில் நகர்த்திவிடலாம், ஐந்து நிமிட வேலை. எது சரி என்று சந்தேகம் வந்தால் கூகுள் மேப்பில் பார்த்து, அதற்குப் பொருத்திவிடுங்கள்.

புலப்படம்:

டீச்சர், தம்பி சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன். முதலில் உங்கள் குளத்துக்கு வருவோம். நான் பேட்டையில் இருக்கிறேன், நிலம் அளக்கிற வேலை. படத்தை மண்ணோடு பொருத்துவது எனக்குத் தினமும் உள்ள பாடு.

உங்கள் கரை கிழக்கு மேற்காக ஓடுகிறது, அப்படித்தானே? நீங்கள் எழுதியதிலேயே அது தெரிகிறது. எஸ்ரி "தெற்கே" தள்ளி இருக்கிறது என்கிறீர்கள், பிங்கை "வடக்கே" நகர்த்தினேன் என்கிறீர்கள். கிழக்கு மேற்காக நேராக ஓடுகிற ஒரு கோட்டை வைத்துப் பார்த்தால் வடக்கு தெற்கு விலகல் மட்டும்தான் கண்ணில் படும். படம் கிழக்கே 6 மீட்டர் நகர்ந்திருந்தாலும், 60 மீட்டர் நகர்ந்திருந்தாலும், கரைப் பாதை அதே தடத்தின் மேல்தான் கிடக்கும். தண்டவாளத்தின் மேல் ரயில் பெட்டி முன்னும் பின்னும் உருளுகிற மாதிரி படம் அந்தக் கோட்டின் மேலேயே உருளும், உங்களுக்குத் தெரியாது. ஊருக்குள் போகிற தெரு வடக்கு தெற்காகப் போகிறது. அங்கே போனதும் மறைந்திருந்த கிழக்கு மேற்கு விலகல் வெளியே வந்துவிட்டது. ஆக, உங்கள் ஜிபிஎஸ்ஸில் பெரிய தப்பு இல்லை. அரை கிலோமீட்டருக்குள் படம் வளைந்துவிடவும் இல்லை. பாதி வேலை முடித்திருக்கிறீர்கள், மீதிப் பாதி பாக்கி. அவ்வளவுதான்.

படம் பொருத்த வேண்டுமென்றால், ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகிற இரண்டு கோடு வேண்டும். இல்லையென்றால் கூர்மையான ஒரு மூலை வேண்டும். நம் பக்கத்தில் அதற்கு நல்ல இடம் நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களம். ஊருக்கு ஊர் ஒன்றாவது இருக்கும். வயலுக்கு நடுவே இருப்பதால் மேலே வானம் திறந்து கிடக்கும், பக்கத்தில் மாடி வீடு இருக்காது. தரையோடு தரையாக இருப்பதால் படத்தில் சாய்ந்து தெரியாது. வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும், நான்கு மூலையும் கத்தி மாதிரி தெரியும். ரயில்வே கேட்டும் நல்லது. திருநெல்வேலி தென்காசி லைன் உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. தண்டவாளமும் ரோடும் செங்குத்தாக வெட்டுகிற கேட்டாகப் பாருங்கள், சரிவாக வெட்டுகிற இடம் வேண்டாம். ஆனால் தண்டவாளத்தில் போய் நிற்காதீர்கள். ரோட்டோடு போய்த் திரும்பி, கேட் திறந்திருக்கும்போது கடந்தால் போதும்.

பனைமரம், தண்ணீர்த் தொட்டி, கோயில் கோபுரம் எதையும் அடையாளமாக எடுக்க வேண்டாம். உயரமான பொருள் எல்லாம் படத்தில் ஒரு பக்கம் சாயும். குளத்துத் தண்ணீர் ஓரத்தையும் நம்ப வேண்டாம். பிசான நெல் பருவத்தில் குளத்து உள்வாய் நிறைந்து கிடக்கும்போது எடுத்த படத்துக்கும், கோடையில் நடுக்குளத்தில் ஆடு மேயும்போது எடுத்த படத்துக்கும் கரையோரம் எவ்வளவோ வித்தியாசம். நிலையாக இருப்பது கரை, மடை, மறுகால் வழிகிற கலிங்கு இந்த மூன்றுதான்.

களத்தில் எப்படி எடுப்பது என்று சொல்கிறேன். மூலையில் ஒரு செங்கலை வையுங்கள். அதன் மேல் கைப்பேசியை முகம் மேலே பார்க்க வைத்துவிட்டு நீங்கள் நான்கு எட்டு விலகி நில்லுங்கள். மேலே குனிந்து நின்றால் உங்கள் உடம்பே பாதி வானத்தை மறைக்கும். முதலில் கொஞ்ச நேரம் எண் ஓடிக்கொண்டே இருக்கும். அட்சரேகையில் புள்ளிக்குப் பின் ஐந்தாவது இலக்கத்தைப் பாருங்கள், அது ஒன்று கூடினால் தரையில் ஏறத்தாழ 1.1 மீட்டர். நம் பக்கம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் தீர்க்கரேகைக்கும் அதே கணக்கு கிட்டத்தட்ட சரியாக வரும். அந்த ஐந்தாவது இலக்கம் ஒன்றிரண்டுக்குள் ஆடி அடங்கிய பிறகு பதியுங்கள். திறந்த வெளியில் சாதாரணக் கைப்பேசிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வரை பிசகு உண்டு. ஜிபிஎஸ் சிக்னலை இரட்டை அலைவரிசையில் வாங்குகிற கைப்பேசி என்றால் இன்னும் நன்றாக வரும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று. ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்றாலும் பிசகு பாதியாகக் குறைந்துவிடாது. அந்த அரை மணி நேரமும் தலைக்கு மேல் ஏறத்தாழ அதே செயற்கைக்கோள்கள், அதே காற்றுமண்டலம், அதனால் பிசகும் ஒரே பக்கமாக இழுக்கும். நாலைந்து நிமிடம் நின்று பதிந்துவிட்டு, வேறொரு நாள், வேறொரு நேரத்தில் திரும்பப் போவதுதான் உருப்படியான வழி. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று. மூன்றும் 2 மீட்டர் வட்டத்துக்குள் விழுந்தால் நடுப்புள்ளியை நம்பலாம். ஒன்று மட்டும் தனியே ஓடிப்போய் நின்றால் அதைத் தள்ளுங்கள். பக்கத்தில் தகரக் கொட்டகையோ ரைஸ் மில் சுவரோ இருந்தால் சிக்னல் அதில் பட்டுத் திரும்பி வந்து ஏமாற்றும்.

இப்போது பழைய தெருக்கள். எதையும் நகர்த்துவதற்கு முன்னால் ஒவ்வொரு தெருவுக்கும் வரலாற்றைத் திறந்து பாருங்கள். யார், எப்போது, எந்தப் படத்தை வைத்து வரைந்தார்கள் என்று அதில் இருக்கும். சிலது பத்து வருடத்துக்கு முந்தைய பிங் படத்தில் வரைந்தது, அந்தப் படமே இப்போது இல்லை. சிலது யாரோ பைக்கில் போய் ஜிபிஎஸ் தடம் எடுத்து வரைந்தது. அது உங்கள் படத்தைவிட மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுத்தால் இரண்டும் சேர்ந்து நகரும். கூடவே ஊர் வழியாகப் போகிற ரயில் பாதை, ஆற்று எல்லை, தாலுகா எல்லை எல்லாம் ஒரு புள்ளியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி வரை ஓடுகிற கோடு உங்கள் ஊரில் மட்டும் முழங்கை மாதிரி மடங்கி நிற்கும். அதனால்தான் தம்பி சொன்ன ஒரே இழுப்பு வேண்டாம் என்றேன். படத்தை நகர்த்துங்கள், வரைந்ததை உடனே தொடாதீர்கள். படம் பொருந்திய பிறகு எந்தத் தெரு எவ்வளவு விலகி இருக்கிறது என்று தானாகத் தெரியும். விலகியதை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.

கூகுள் விஷயம். அவர்கள் படத்திலிருந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு எதையும் எடுக்க உரிமை கிடையாது. ஆஃப்செட் (படத்தை எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் நகர்த்த வேண்டும் என்ற அளவு) பார்க்க மட்டும் என்றாலும் கூடாது. ஒரு ஊர் ஆட்கள் உழைத்து வரைந்தது முழுவதையும் உரிமைச் சிக்கலில் நீக்க வேண்டிய நிலை வரக்கூடாது. அது சரியாகத்தான் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அதுவும் இன்னொரு படம்தான்.

பாளை வண்டிக்காரன்:

அண்ணாச்சி, கோபமெல்லாம் இல்லை. கூகுள் கூடாது என்பது எனக்குத் தெரியாத விஷயம், நன்றி. இரண்டு சந்தேகம். பைக்கில் போய்த் தடம் எடுத்தால் போதாதா? எனக்குத் திருநெல்வேலி டவுனிலிருந்து சேரன்மகாதேவி வரை தினமும் போகிற வேலை இருக்கிறது. அப்புறம், அந்தக் காலத்து சர்வே டோப்போஷீட் (நில அமைப்பு வரைபடத் தாள்) ஸ்கேன் பண்ணியது ஒன்று என்னிடம் இருக்கிறது. சர்வேக்காரர்கள் அளந்தது சரியாகத்தானே இருக்கும்? அதை அடியில் போட்டுப் பொருத்தினால்?

புலப்படம்:

பைக் தடம் நல்லதுதான் தம்பி, ஆனால் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று இரண்டும் வேண்டும். நாம் இடதுபக்கம் போகிறவர்கள். போகிற தடம் ரோட்டு நடுவுக்கு இடப்பக்கம் விழும், வருகிற தடம் எதிர்ப்பக்கம் விழும். இரண்டுக்கும் நடுவில்தான் ரோடு. நாலுவழிச் சாலையில் இது நன்றாகவே தெரியும். ஒற்றைத் தடத்தை வைத்து ரோட்டை இழுத்தால் சில மீட்டர் தள்ளிவிடுவோம். கைப்பேசியை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவதைவிட, வண்டியின் முன்னால் ஸ்டாண்டில் மாட்டிப் போங்கள். நீங்கள் தினமும் போவதால் தடம் சேர்ந்துகொண்டே வரும். சேரச் சேர அவற்றின் நடுக்கோடு உறுதியாகும். அதைப் பொதுவில் ஏற்றினால் டீச்சருக்கும் எல்லாருக்கும் ஆகும். ஒன்றை மறக்காதீர்கள், ஏற்றும் முன் வீட்டு வாசலிலிருந்து தொடங்குகிற பகுதியை வெட்டிவிடுங்கள். டீச்சர், பிள்ளைகள் எடுக்கிற தடத்துக்கு இது கட்டாயம்.

டவுனுக்குள் போகும்போது ஒன்று பாருங்கள். ஜங்ஷன் பக்கத்து ஈரடுக்குப் பாலத்தில் கீழடுக்கில் போனால் தலைக்கு மேல் கான்கிரீட், தடம் தாறுமாறாகப் போகும். மேலடுக்கில் எடுத்த தடம் நேராக வரும். ஆனால் படத்தில் மேலடுக்கு தரையைவிட உயரத்தில் இருப்பதால் ஒரு பக்கம் தள்ளித் தெரியும். அந்த இடத்தை வைத்துப் படத்தைப் பொருத்த நினைத்தால் இரண்டு பக்கமும் அடிதான். வண்ணார்பேட்டையிலோ தச்சநல்லூரிலோ தரையில் உள்ள சந்திப்பைப் பாருங்கள்.

டோப்போஷீட் பற்றி. அளந்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர்கள் உழைப்பில்தான் என் தொழிலே நிற்கிறது. ஆனால் பழைய ஷீட்டுகள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்கிற பழைய நீள்கோளக் கணக்கை வைத்து வரைந்தவை. ஜிபிஎஸ்ஸும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் டபிள்யூஜிஎஸ் 84 கணக்கு. மாற்றாமல் அப்படியே போட்டால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் விலகும். மாற்றிப் போட்டாலும் அந்த ஷீட்டின் அளவுகோலில் கோட்டின் தடிமனே பல மீட்டர். ஊர்ப்பெயர், குளத்துப் பெயர் சரிபார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அதற்கும் உரிமை நிலை தெரிந்த ஷீட்டாக இருக்க வேண்டும். என் தொழிலில் புழங்குகிற புலப்படமும் (ஒவ்வொரு புலத்துக்கும் உள்ள நில அளவைப் படம்) அப்படித்தான். அதில் பக்க அளவு இருக்கும், கல் இருக்கும். பூமியில் அந்தக் கல் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று இருக்காது.

வேறு யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். இந்தியத் தட்டே ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் போல வடகிழக்காக நகருகிறது, அதைக் கணக்கில் எடுக்கணுமா என்று சிலர் கேட்பார்கள். 20 வருடத்துக்கு 1 மீட்டர். கைப்பேசிப் பிசகுக்குள் அது அடங்கிவிடும். இந்த வேலைக்கு அதை விட்டுவிடலாம்.

காற்றாடித் தோட்டம்:

நான் ராதாபுரம் பக்கம், காற்றாலைப் பராமரிப்பு வேலை. அண்ணாச்சி உயரமான பொருள் சாயும் என்று சொன்னது எங்களுக்கு நூறு சதவீதம் உண்மை. பணகுடி, காவல்கிணறு பக்கத்தில் வரைந்த காற்றாலைகளில் நிறைய, இறக்கை தெரிகிற இடத்தில் புள்ளி வைத்திருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால் புள்ளி பக்கத்து விளையில் கிடக்கும். சிலது நிழலின் தலையில் வைத்திருக்கிறார்கள், அது இன்னும் தூரம்.

80 மீட்டர் உயரக் கோபுரம் என்று வையுங்கள். படம் எடுத்த செயற்கைக்கோள் நேர் மேலே இல்லாமல் 20 டிகிரி சாய்வாகப் பார்த்திருந்தால் உச்சி ஏறத்தாழ 29 மீட்டர் தள்ளித் தெரியும். அடி எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கோபுரமும் அதன் நிழலும் ஒரே புள்ளியிலிருந்துதான் கிளம்பும். படத்தைப் பெரிதாக்கினால் வெள்ளையாக ஒரு கோடு ஒரு பக்கமும், கறுப்பாக ஒரு கோடு இன்னொரு பக்கமும் போகும். இரண்டும் சேர்கிற முனைதான் அடி. அங்கே வட்டமாக சிமெண்டு மேடையும், பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிற சின்ன வேலியும் இருக்கும். தேரி மணல் சிவப்பாக இருப்பதால் அந்த மேடை நன்றாகவே தெரியும்.

ஒரு வசதியும் இருக்கிறது. ஒரே படத்தில் எல்லாக் காற்றாலையும் ஒரே பக்கம், ஏறத்தாழ ஒரே அளவு சாய்ந்து நிற்கும். ஒரு வரிசை ஒரு பக்கமும் அடுத்த வரிசை வேறு பக்கமும் சாய்ந்திருந்தால், அங்கே இரண்டு படத்தை ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஒட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்த ஆஃப்செட் அந்தப் பக்கம் செல்லாது. மறுபடியும் பார்க்க வேண்டும்.

புலப்படம்:

ஒட்டு பார்க்கிற இந்த வழி அருமை. எங்கள் பக்கம் காற்றாலை இல்லை, ஆனால் மின்கோபுரங்களை வைத்தும் இதைப் பார்க்கலாம் போல. வீடுகளுக்கும் இதே கதைதான். மாடி வீட்டுக் கூரையைச் சுற்றி வரைந்தால் வீடு தெருவுக்குள் வந்து நிற்கும். கூரை வடிவத்தை வரைந்து, அப்படியே இழுத்து, சுவர் தரையைத் தொடுகிற இடத்தில் வைக்க வேண்டும்.

ஒரே பிங் படம்கூட ஜூம் மாற மாற வேறு தேதிப் படமாக மாறும், ஆஃப்செட்டும் மாறும். எந்த ஜூமில் பொருத்தினீர்களோ அதிலேயே வரையுங்கள். ஜேஓஎஸ்எம்மில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து அந்தச் சதுரத்தின் விவரம் கேட்டால், பிங் படம் எடுத்த தேதி வரும்.

மலையடிவாரம்:

இதில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு விக்கிரமசிங்கபுரம். பாபநாசம் வரை அண்ணாச்சி சொன்ன மாதிரி ஒரே ஆஃப்செட் வைத்து வேலை நடக்கிறது. மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலை ரோட்டில் ஏறினால், ஒரு வளைவில் பொருந்துகிற படம் அடுத்த வளைவில் பொருந்த மாட்டேன் என்கிறது. ஒட்டு எதுவும் கண்ணில் படவில்லை. தடம் எடுக்க இறங்கி நடக்கவும் முடியாது, புலிகள் காப்பகம். அங்கே என்ன செய்வது?

புலப்படம்:

அது படத்தின் கோளாறு என்பதைவிட உயரத்தின் கோளாறு. கோள் சாய்வாகப் பார்த்து எடுத்த படத்தைச் சமதளமாக விரிக்க, ஒவ்வோர் இடத்தின் உயரமும் தெரிய வேண்டும். அதற்கு உயரத் தரவு ஒன்றை அடியில் வைத்துக் கணக்குப் போடுவார்கள். 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவு இந்த மாதிரி ஒன்று. 30 மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயரம்தான் அதில் இருக்கும். வயல்வெளியில் அது தாராளம். மலைச் சரிவில் 30 மீட்டருக்குள் ரோடு, பாறை, பள்ளம் மூன்றும் இருக்கும். போதாததற்கு, அடர்ந்த காட்டில் ரேடார் மண்ணைத் தொடாமல் மரத்தலையிலேயே பாதி திரும்பிவிடும். தேயிலைச் சரிவில் ஒரு பிசகு, பக்கத்துச் சோலைக்காட்டில் வேறு பிசகு.

கணக்கு எளிது. உயரத்தில் உள்ள பிசகை, கோளின் சாய்வுக் கோணத்தின் டேஞ்சன்ட்டால் பெருக்குங்கள். உயரம் 20 மீட்டர் பிசகி, சாய்வு 25 டிகிரி என்றால் தரையில் 9 மீட்டருக்கு மேல் விலகும். அடுத்த வளைவில் உயரப் பிசகு 5 மீட்டர் என்றால் விலகல் 2 மீட்டர் சொச்சம். நீங்கள் பார்ப்பது அதைத்தான். விலகுகிற திசை மட்டும் அநேகமாக ஒரே கோட்டில் இருக்கும், முன்னே போகும் அல்லது பின்னே வரும். அளவு மாறிக்கொண்டே இருக்கும். அதனால் மலையில் முழுவதற்கும் ஒரே ஆஃப்செட் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒவ்வொரு வளைவுக்கும் தனியாகப் பொருத்தி, அந்த வளைவை வரைந்து, அடுத்ததற்குப் போக வேண்டும். அலுப்பான வேலைதான், வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இறங்கி நடக்க வேண்டாம், அனுமதி இல்லாத இடத்தில் காலை வைக்கவே வேண்டாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பேசியைக் கண்ணாடி ஓரத்தில் பிடித்துக்கொண்டு போங்கள். கொண்டை ஊசி வளைவு உங்களுக்கு வரப்பிரசாதம். கீழே டீச்சர் கரையில் பட்ட சிரமம் அங்கே கிடையாது. வளைவு எல்லாத் திசையிலும் திரும்புவதால் கிழக்கு மேற்கும் வடக்கு தெற்கும் ஒரே இடத்தில் பிடிபடும். மரத்தடியில் தடம் சிதறும், ஆகவே ஒரு தடத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஏற்கெனவே மற்றவர்கள் பொதுவில் ஏற்றிய தடங்களை எடிட்டரிலேயே அடுக்காகப் போட்டுப் பார்க்கலாம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளத்தங்கரை:

அண்ணாச்சி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடியே களத்துக்குப் போய் வந்துவிட்டேன். கரை கிழக்கு மேற்குதான், அப்படியே கண்டுபிடித்துவிட்டீர்கள். செங்கல் வைத்து, வெவ்வேறு நாள் எடுத்த புள்ளிகளைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் தனியே விழுந்தது. அன்றைக்கு நெல் அறுவடை வண்டி களத்துக்குள்ளேயே நின்றது, அதனால் இருக்குமோ? மற்றவை ஒன்றாகக் கூடி நிற்கின்றன. அந்த மூலைக்குப் பிங் படத்தை இழுத்தால் வடக்கே 4, மேற்கே 6 என்று வருகிறது. இப்போது கரை, தெரு, ரயில்வே கேட் மூன்றும் தடத்தின் மேல் உட்காருகின்றன.

பழைய தெருக்களின் வரலாற்றையும் திறந்து பார்த்தேன். கிழக்குத் தெரு, மேலத் தெரு இரண்டும் ஜிபிஎஸ் தடத்தில் வரைந்தவை என்று குறிப்பு இருந்தது. பொருத்திய படத்தில் அவை கிட்டத்தட்டச் சரியாக இருக்கின்றன, அதைத் தொடவில்லை. விலகி இருப்பது பிறகு வந்த குடியிருப்புத் தெருக்கள் மட்டும். ஒரே இழுப்பில் நகர்த்தியிருந்தால் சரியாக இருந்ததையும் கெடுத்திருப்பேன்.

எஸ்ரி படத்துக்குத் தனியாகப் பார்க்க வேண்டுமா, இல்லை இதே எண்ணைப் போடலாமா? அப்புறம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பொருத்தாமல் இருக்க என்ன வழி?

புலப்படம்:

அறுவடை வண்டி பெரிய இரும்புச் சுவர்தான் டீச்சர், அந்தப் புள்ளியைத் தள்ளியது சரி. எஸ்ரிக்கு அதே எண் செல்லாது, அது வேறு கோள், வேறு நாள். ஆனால் களத்து மூலை உங்கள் கையில் இருக்கிறது, அதற்கு எஸ்ரியை இழுத்தால் ஒரு நிமிடத்தில் முடியும். அடுத்த மாதமே பிங்கோ எஸ்ரியோ புதுப் படம் போட்டாலும் அந்த மூலையை வைத்துத் திரும்பப் பொருத்திவிடலாம். ஆஃப்செட் எண் பழசாகிவிடும், மூலை பழசாகாது.

பிள்ளைகளுக்கு: அந்தக் களத்தை முதலில் நான்கு மூலையோடு வரைபடத்தில் வரைந்துவிடுங்கள், ஜிபிஎஸ்ஸில் எடுத்தது என்று மூலத்தில் குறிப்பிடுங்கள். பிள்ளைகள் ஐடி எடிட்டரில் B விசையை அழுத்தினால் படங்களின் பட்டியல் திறக்கும், அதன் அடியில் படத்தை நகர்த்துகிற இடம் இருக்கும். உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் படத்துக் களத்தை வரைந்த களத்தின் மேல் இழுத்து வைத்துவிட்டு ஆரம்பிக்கட்டும். எண்ணை நேராகத் தட்டியும் போடலாம். ஜேஓஎஸ்எம் பயன்படுத்துகிறவர்கள் ஆஃப்செட்டைப் பெயர் வைத்துச் சேமிக்கலாம், ஆஃப்செட்டுகளைப் பொதுவில் பகிர்வதற்கென்றே ஒரு பிளக்இன்னும் இருக்கிறது. சேமிக்கும்போது மாற்றக் குறிப்பில் "பிங் படம், களத்து மூலைக்குப் பொருத்தியது, வடக்கே 4 மேற்கே 6" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பின்னால் வருகிறவர் உங்கள் கோட்டை இழுப்பதற்கு முன்னால் அதைப் பார்ப்பார்.

அந்த எண் வீரவநல்லூர் வரைக்கும்தான். பிள்ளைகள் உற்சாகத்தில் சேரன்மகாதேவிக்கோ கல்லிடைக்குறிச்சிக்கோ போய்விட்டால் அங்கே வேறு களம் பார்க்க வேண்டும்.

பாளை வண்டிக்காரன்:

சேரன்மகாதேவியை நான் பார்த்துக்கொள்கிறேன் டீச்சர். ரோட்டோரமாகவே ஒரு களம் இருக்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். போகவர எடுத்த தடங்களை வீட்டுப் பக்கம் வெட்டிவிட்டுப் பொதுவில் ஏற்ற ஆரம்பித்துவிட்டேன். மூலைப் புள்ளி கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன்.

குளத்தங்கரை:

நல்லது தம்பி. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்தில் யாராவது இருந்தால் உங்கள் ஊர்க் களத்தையும் சொல்லுங்கள். கன்னடியன் கால்வாயைத் தலையிலிருந்தே வரைய வேண்டும், மடை ஒன்றுகூட விடாமல்.